மைக்கறைக்கு மருந்து சொல்லாதீர்கள்

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து என் மருமகள் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். கண் இரண்டிலும் தண்ணீர். பேச்சு வரவில்லை. அவளுக்குப் பின்னாலேயே ஒரு நெடி வந்தது. அந்த நெடியை எனக்குத் தெரியும். அவளை வாசலுக்கு அழைத்துப்போய் காற்றுப்பட உட்காரவைத்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அரைமணி நேரம் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை.

வாளியில் இருந்தது என் பேரனின் பள்ளிக்கூடச் சட்டை. சட்டைப் பையில் செருகியிருந்த மைப்பேனா கசிந்து, நீலமாக ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அதன்மேல் முதலில் கைக்குத் தடவும் சானிடைசரைக் கொட்டியிருக்கிறாள். போகவில்லை. பிறகு பற்பசை போட்டு பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறாள். கறை இன்னும் பெரிதாயிற்று. கடைசியாக, கழிப்பறை கழுவ வைத்திருந்த பிளீச் திரவத்தை அரை பாட்டில் ஊற்றி, அதன்மேல் நான்கு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்திருக்கிறாள்.

எலுமிச்சம்பழம் ஏன் என்று மறுநாள் கேட்டேன். கைபேசியைக் காட்டினாள். எங்கள் உறவுக்கார அம்மாள் ஒருவர் அனுப்பியது. "எந்த இங்க் கறையும் ஐந்தே நிமிடத்தில் மாயம்" என்று தலைப்பு. இரண்டையும் கலந்தால் "டபுள் பவர்" என்று கீழே ஒரு வரி, மூன்று கைகூப்பல் பொம்மைகள்.

அந்தக் கைகூப்பலைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதுவதும் அந்தக் கோபத்தில்தான்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்களைப் போன்ற சில குடும்பத்துப் பிள்ளைகள் அப்படித்தான் படித்தோம். ரசாயன வகுப்பில் எங்கள் முசே சொல்லிக்கொடுத்தவற்றில் முக்கால்வாசி மறந்துபோயிற்று. ஒன்று மறக்கவில்லை. 'ஓ தெ ழாவேல்' என்று பிரெஞ்சில் சொல்வார்கள். பாரிஸ் பக்கத்தில் இருந்த ழாவேல் என்ற ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் செய்து விற்ற வெளுக்கும் தண்ணீர். பெர்த்தொலே என்ற ரசாயன அறிஞர் கண்டுபிடித்தது. நம் வீட்டு பிளீச் திரவம் அதன் வாரிசுதான். அந்தத் தண்ணீரில் எந்தப் புளிப்பையும் சேர்க்காதே, சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அது முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு என்று முசே சொன்னபோது வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. எலுமிச்சை, வினிகர், கழிப்பறை கழுவும் ஆசிட் எல்லாம் அந்தப் புளிப்பில் சேர்த்தி. அம்மோனியா கலந்த திரவமும் பிளீச்சோடு சேரக்கூடாது. அது வேறு வகை விஷவாயு.

மருமகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் தொண்டை கரகரப்பு, அவ்வளவுதான். டாக்டரிடமும் காட்டியாயிற்று. சட்டையில் கறை போயிற்று. கறை இருந்த இடத்தில் துணியின் நீலக் கட்டங்களும் சேர்ந்து போயிற்று. இப்போது அந்தச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே ஒரு வெள்ளை வட்டம் இருக்கிறது.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கறைக்கு எதுவுமே தேவைப்பட்டிருக்காது. குழாய்த் தண்ணீர் போதும். நான் வெறுமனே சொல்லவில்லை. அதே மையை, அதே சட்டையின் தைக்கும்போது மிஞ்சிய துண்டுத் துணியில் நான்கு சொட்டு விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் துணியைத் திருப்பிப் பிடித்து, கறையின் பின்பக்கமாகப் பச்சைத் தண்ணீரைக் குழாயில் ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் முக்கால்வாசி போயிற்று. சாதாரணத் துணி சோப்பைப் போட்டு மெல்லக் கசக்கினேன். மீதியும் போயிற்று. மருமகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

பிள்ளைகளின் மைப்பேனாவுக்கு விற்கும் நீல மை பெரும்பாலும் தண்ணீரில் கரைத்த சாயம். அதிலும் 'ராயல் புளூ', 'வாஷபிள்' என்று போட்டிருந்தால் அது துணியிலிருந்து போக வேண்டும் என்றே செய்த மை. பிரான்சில் பள்ளிப் பிள்ளைகள் இந்த நீலத்தில்தான் எழுதுவார்கள். தப்பாக எழுதியதை அழிக்க 'எஃபாசேர்' என்று ஒரு வெள்ளைப் பேனாவும் வைத்திருப்பார்கள். அதை மேலே இழுத்தால் நீலம் மறைந்துவிடும். அவ்வளவு சாதுவான மை அது. அந்தச் சாதுவைப் பிடித்துத்தான் நாம் பிளீச்சில் முக்குகிறோம்.

மைக்கறைக்கு மருந்து என்று ஒன்று கிடையாது. ஏனென்றால் மை என்று ஒன்று கிடையாது. பால்பேனாவில் இருப்பது எண்ணெய்ப் பசை போன்ற மை. அது தண்ணீருக்கு மசியாது, ஸ்பிரிட்டுக்கு மசியும். சானிடைசர், ஹேர் ஸ்பிரே என்று ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம் பால்பேனாவுக்குப் பிறந்தது. அதைக் கொண்டுவந்து மைப்பேனாக் கறையில் ஊற்றினால், கறை பரவி அடுத்த இடத்தில் போய் உட்காரும். ஜெல் பேனாவில் பெரும்பாலும் கரையாத பொடி, அது இழைக்குள் போய் மாட்டிக்கொண்டால் விடுவது கஷ்டம். தேர்தலில் விரலில் வைக்கும் மை இருக்கிறதே, 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகி வருவது, அதில் இருப்பது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்டால் கறுக்கும். நான் ஆறு தேர்தலில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன். அந்த மை பட்ட ஒரு சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த அம்மாளின் மருந்தும் அதை ஒன்றும் செய்ய முடியாது. இத்தனைக்கும் ஒரே மருந்து என்று சொல்கிறவர், தலைவலிக்கும் கால் உடைந்ததற்கும் ஒரே மாத்திரை கொடுக்கிறவர்.

என் சின்ன வயதில் மருந்தைப் பொருத்தம் பார்த்துப் போட்டார்கள். எங்கள் பள்ளியில் மை ஊதா நிறம். பெஞ்சுப் பலகையில் குழி, குழிக்குள் பீங்கான் மைக்கூடு, தொட்டு எழுத இரும்பு நிப்பு. பால்பேனாவைப் பிரான்சிலேயே 1965-இல்தான் ஆரம்பப் பள்ளிக்குள் விட்டார்கள், எங்கள் முசே அதற்குப் பிறகும் விடவில்லை. ஊதா மை சட்டையில் பட்டால் தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டில் கரையும். வீட்டில் ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? ஆனால் எங்கள் ஊரில் சாராயக்கடைக்குப் பஞ்சமில்லை. அம்மா எதிர்வீட்டு ஆளிடம் சொல்லி ஒரு சிறு கிளாஸ் சாராயம் வாங்கிவரச் செய்வாள். கறைக்கு அடியில் பழைய துணியை வைத்து, மேலேயிருந்து சாராயத்தைத் தொட்டுத் தொட்டு ஒற்றுவாள். ஊதா மொத்தமும் அடித்துணிக்கு இறங்கிவிடும். ஒருநாள் சரியாக அலசாமல் காயப்போட்டுவிட்டாள். மறுநாள் முசே என் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சி, "உங்கப்பாவை நாளைக்கு வரச்சொல்" என்றார். குடித்த பழி அப்பா மேல் விழுந்தது. அந்தக் கதை இன்னொரு பதிவுக்கு.

அம்மா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் எந்த மை என்று கேட்காமல் துணியைத் தொடமாட்டாள். தேய்க்கவும் மாட்டாள், ஒற்றுவாள். எங்களிடம் 'புவார்' இருந்தது. அதாவது மை ஒற்றும் தாள். தமிழ் மீடியம் பிள்ளைகள் சாக்பீஸை வைத்து மையை உறிஞ்சவிடுவார்கள். இரண்டும் சரியான வேலை. ஈர மையைத் தேய்த்தால் துணி குடிக்கும், ஒற்றினால் தாள் குடிக்கும். அந்தச் சாக்பீஸ் புத்தி இன்றைக்கு எங்கே போயிற்று?

இனி என் பங்கு. இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டினால் அது நியாயமில்லை.

எழுபதுகளில் நான் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்த புதிது. பணிப்பதிவேட்டிலும் மற்ற நிரந்தரப் பதிவேடுகளிலும் 'பர்மனென்ட் புளூ-பிளாக்' மையில்தான் எழுத வேண்டும் என்பது கண்டிப்பு. அந்த மை தனி ஜாதி. அதில் இரும்பு இருக்கிறது. அன்னபேதியும் கடுக்காய் மாதிரியான துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாவது. எழுதும்போது வெளிறி நீலமாகத் தெரியும், காற்றுப்பட்டு நாளாக ஆகக் கறுக்கும், தாளோடு பிணைந்துவிடும். ஐம்பது வருஷம் கழித்து பென்ஷன் கேட்டு வருகிறவனுக்கு அவன் சேர்ந்த தேதி தெரிய வேண்டுமே, அதற்காக. அரசாங்கமே இரண்டு மையையும் ஒன்றாக நினைக்கவில்லை. இந்தியத் தரக்கட்டுப்பாட்டில் இரும்பு மைக்கு ஐ.எஸ். 220, சாய மைக்கு ஐ.எஸ். 1221 என்று தனித்தனி எண்.

அந்த மை ஒருநாள் என் வெள்ளைச் சட்டையில் கசிந்தது. வேலை கிடைத்ததற்கு என் அக்கா முதல் தடவையாகத் தன் கையிருப்பில் வாங்கிக்கொடுத்த துணி. பக்கத்து மேசைக்காரர் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். ராத்திரி குழைத்துப் பூசிவைத்தேன். காலையில் நீலம் சுத்தமாகப் போயிருந்தது. எனக்கு ஒரே பெருமை. நாலு நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை. அதன்மேல் மறுபடியும் பவுடர் பூசினேன். பழுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. துணியும் நைந்துபோயிருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை. அப்படியே சலவைக்குப் போட்டுவிட்டேன்.

எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்தவர் ஒரு பெரியவர். என் அப்பா வயது இருக்கும். நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், அந்தக் காலத்தில் தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. சட்டை திரும்பி வந்தபோது பழுப்பு அப்படியே இருந்தது, நடுவில் காசு அகலத்துக்கு ஓட்டை. நான் வாசலில் நின்று சத்தம் போட்டேன். கல்லில் அடித்துக் கிழித்துவிட்டாய், துரு பிடித்த கம்பியில் காயப்போட்டுக் கறையாக்கிவிட்டாய் என்றேன். அவர் சட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"ஐயா, இது மை இல்லீங்க, துரு. துரு கம்பியிலேர்ந்து வரலீங்க, மையிலேயே இருந்திருக்கு. பவுடரு போட்டிருக்கீங்க. அது நீலத்தை மட்டும் தின்னுட்டு துருவை விட்டுட்டு, நூலையும் தின்னுடிச்சி. எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சு உப்பு வெச்சு வெயில்ல போட்டிருந்தாலே போயிருக்கும்" என்றார்.

ஒவ்வொரு சொல்லும் சரி. பிளீச் சாயத்தைத்தான் அழிக்கும், இரும்பை அழிக்காது. இரும்பு துருவாக நின்றுவிடும், அதற்கு எலுமிச்சை மாதிரிப் புளிப்புத்தான் மாற்று. கறையைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யார்? சேங்கொட்டைப் பாலைத் தொட்டு, வீட்டுக்கு ஒரு குறி என்று துணி ஓரத்தில் போட்டு, எத்தனை வெள்ளாவியில் வைத்தாலும் போகாத மையைத் தினமும் கையாண்டவர் அவர். நான் பதினோரு வருஷம் பிரெஞ்சில் ரசாயனமும் பௌதிகமும் படித்தவன். குழியில் மைக்கூடு வைத்த பெஞ்சில் உட்கார்ந்தவன். "எனக்கே பாடம் சொல்றியா?" என்று கேட்டேன். அந்த மாதச் சலவைக் கூலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பதில் பேசவில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரத்திலிருந்து அவர் மகன் வந்தான். கொஞ்ச நாளில் அவனும் நின்றுவிட்டான்.

சட்டையைக் கெடுத்தது மை இல்லை, சலவைக்காரர் இல்லை, நான். ஆனால் கூலி போனது அவருக்கு. தெருவில் பேர் கெட்டதும் அவருக்கு. நான் போட்ட சத்தத்தைக் கேட்டு இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். கைமருந்து சொல்கிற யாருக்கும் இந்தக் கணக்கு தெரிவதில்லை. பவுடர் போடச் சொன்ன பக்கத்து மேசைக்காரர் அந்தச் சட்டையை மறுபடியும் பார்க்கவேயில்லை. மூன்று கைகூப்பல் அனுப்பிய அம்மாளும் என் மருமகள் இருமியதைக் கேட்கவில்லை. சொல்கிறவருக்குப் புண்ணியம், செய்கிறவருக்குச் சட்டை.

"அற்பக் கறைக்கு இவ்வளவு எழுத வேண்டுமா சார், ஒரு சட்டை முந்நூறு ரூபாய்தானே" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு முந்நூறு ரூபாய்தான். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் பெண்மணிக்கு இரண்டு பிள்ளைகள், பிள்ளைக்கு இரண்டு செட் சீருடை. ஒன்று போனால் மழைக்காலத்தில் ஈரச் சட்டையோடு அனுப்ப வேண்டும். அதோடு, மூடிய குளியலறையில் அந்த நெடியைச் சுவாசிக்கப்போவது அந்த நண்பர் இல்லை. துணி துவைக்கிற கை எதுவோ அந்த ஆள்தான்.

பள்ளிக்கூடங்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கையெழுத்து நன்றாக வரும் என்று நான்காம் வகுப்பிலிருந்து மைப்பேனா கட்டாயம் என்கிறார்கள். நல்லது, எனக்கும் சந்தோஷம். அதே பள்ளிக்கூடம் வெள்ளைச் சட்டையையும் கட்டாயம் ஆக்குகிறது. கறை இருந்தால் டைரியில் சிவப்பு மையில் குறிப்பு. எட்டு வயதுப் பிள்ளையிடம் மைப்பேனாவைக் கொடுத்துவிட்டு, கறை படாமல் வா என்றால் என்ன அர்த்தம்? எந்த மை வாங்க வேண்டும் என்று சாமான் பட்டியலில் ஒரு வரி சேர்க்கலாம் அல்லவா? 'தண்ணீரில் போகும் நீலம்' என்று தமிழில் மூன்று சொல். மை பாட்டில் செய்கிறவர்களும் அதை மேலே பெரிதாகப் போடலாம். பாட்டிலில் மயில் படம் போட இடம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

சரி, மருந்து சொல்லாதே என்று தலைப்பில் போட்டுவிட்டு நானே என்ன சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நான் மருந்து சொல்லவில்லை, விசாரணை சொல்கிறேன். கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதாதே என்று எங்கள் சூப்பிரண்டு சொல்வார். இதுவும் அதுதான்.

முதலில் பேனாவையும் பாட்டிலையும் தேடி எடுங்கள். மை தெரியும்வரை செய்யக்கூடிய ஆபத்தில்லாத காரியம் இரண்டு. ஒற்றுவது, பின்பக்கமாகப் பச்சைத் தண்ணீர் விடுவது. வெந்நீர் கூடாது, இஸ்திரி கூடாது, கறை போகும்வரை வெயிலில் காயப்போடவும் கூடாது. சூடு பட்டால் கறை குடியேறிவிடும். சாய மை என்றால் இதிலேயே பெரும்பகுதி போய்விடும். சிவப்பு, பச்சை, ஊதா கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். பச்சை என்றதும் கெஜட்டட் அதிகாரிகளின் கையெழுத்து ஞாபகம் வருகிறது, அவர்கள் சட்டையில் கறை பட்டு நான் பார்த்ததில்லை. இரும்பு மை என்றால் தண்ணீருக்குப் பிறகு, சோப்புக்கு முன்னால் எலுமிச்சை. வெள்ளைத் துணியாக இருந்தால் உப்பும் வெயிலும், பெரியவர் சொன்ன மாதிரி. இந்த ஒரு மைக்குத்தான் வெயில் விதிவிலக்கு. சாயத் துணியாக இருந்தால் முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். பட்டிலும் கம்பளியிலும் பிளீச் பட்டால் துணியே போய்விடும், அதை எடுக்கவே எடுக்காதீர்கள். எலுமிச்சை எடுத்த கையால் பிளீச் பாட்டிலைத் தொடாதீர்கள். இது கெஞ்சல்.

பாட்டில் பேச மறுத்தால் ஒரு சோதனை இருக்கிறது. வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டு ஒருநாள் காயவிட்டு, குழாயடியில் காட்டுங்கள். கோடு மொத்தமும் ஓடிவிட்டால் சட்டையில் பட்டதும் பெரும்பாலும் ஓடிவிடும். கறுப்பாக ஒரு நிழல் நின்றால் அது பதிவேட்டு மை மாதிரியான ஆள் என்று எச்சரிக்கையாக இருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த மூன்று பாட்டிலையும் இப்படிச் சோதித்தேன். பேரன் கோடு போட்டான், நான் தேதியும் நேரமும் எழுதினேன், பழக்க தோஷம். மறுநாள் மருமகளே தாளைக் குழாயில் பிடித்தாள். இரண்டு ஓடிவிட்டன. மூன்றாவது, நான் ஓய்வுபெற்றபோது மேசை டிராயரிலிருந்து எடுத்துவந்த பழைய புளூ-பிளாக், அசையவில்லை. காய்ந்த தாளை அப்படியே குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

"இந்த பாட்டிலை என்ன மாமா பண்றது, கொட்டிடட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அதில் நான் மட்டும் எழுதுகிறேன். சட்டை போடாதபோது.